லீக் நிற்கவில்லை, நிறுத்தினார்கள்

இந்தியன் சூப்பர் லீக் பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா 2026 ஜனவரி 6 அன்று அறிவித்தார். பதினான்கு கழகங்கள், 91 ஆட்டங்கள், ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளை ஒரே ஒரு முறை மட்டும் சந்திக்கும் குறும்பருவம். அறிவிப்பு வந்த மாலையே பெங்களூரு ரசிகர்களிடையே ஒரு வாக்கியம் கைமாறத் தொடங்கிவிட்டது: "எப்படியோ தொடங்குகிறதே, அது போதும்." இந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஏழு மாதம் காத்திருந்தவருக்குத் தேதி ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த 'எப்படியோ' என்ற சொல்லை எளிதில் விட்டுவிட முடியாது. எப்படியோ நின்றது, எப்படியோ தொடங்குகிறது என்று பேசப் பழகிய ரசிகர் கூட்டத்தை அடுத்த முறை நிறுத்துவது இன்னும் எளிது.

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ரிலையன்ஸ் குழுமமும் 2010இல் தொடங்கிய வணிக உரிமை ஒப்பந்தம் 15 ஆண்டுக் காலத்துக்கானது. 2025 டிசம்பர் 8 அன்று அது முடிய இருந்தது. லீக்கை நடத்திவந்த ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் நிறுவனம் அந்த ஒப்பந்தப்படி கூட்டமைப்புக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் கொடுத்துவந்தது. கூட்டமைப்பின் அமைப்புச் சட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2025 ஜூலை 11 அன்று, டிசம்பருக்குப் பின் என்ன என்பது தெளிவாகும் வரை பருவத்தை நிறுத்திவைப்பதாக அந்நிறுவனம் கூட்டமைப்புக்கும் கழகங்களுக்கும் எழுதியது. ஆகஸ்ட் 4 அன்று பெங்களூரு எஃப்சி தன் முதல் அணி வீரர்கள், பணியாளர்கள் ஆகியோரின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. அதே வாரத்தில் சென்னையின் எஃப்சி, ஒடிசா எஃப்சி ஆகியவையும் அதே பாதையில் சென்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு செப்டம்பர் 19 அன்று வந்தது. வணிக உரிமைக்கான ஏலம் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 7 அன்று கெடு முடிந்தபோது ஒருவரும் விண்ணப்பித்திருக்கவில்லை.

இந்த வரிசையில் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டினார்கள். கழகம் லீக் நிறுவனத்தைச் சுட்டியது, நிறுவனம் கூட்டமைப்பைச் சுட்டியது, கூட்டமைப்பு நீதிமன்றத்தைச் சுட்டியது. நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபின் சுட்டுவதற்குச் சந்தை மிஞ்சியது. முடிவில் ஊதியம் கிடைக்காதவர்களின் பட்டியல் தெளிவாக இருந்தது. ஊதியத்தை நிறுத்தியவர்களின் பட்டியல் மட்டும் யார் கையிலும் இல்லை.

மொழியியல் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தமிழில் இதற்கு ஓர் அழகான வசதி உண்டு. கிளை முறிந்தது, கிளையை முறித்தான். கூட்டம் கலைந்தது, கூட்டத்தைக் கலைத்தார்கள். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் பிரித்துக் காட்டுவார்கள். கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வு நூலில் இதை இன்னும் நுட்பமாக விளக்கினார். செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பது இங்கு அடிப்படையில்லை. வினையின் விளைவு எழுவாயின் மீதே விழுகிறதா, வேறொன்றின் மீது விழுகிறதா என்பதே அடிப்படை. இந்த இணைகளில் முதலாவதைத் தேர்ந்தால் செய்தவன் வாக்கியத்தைவிட்டு முழுவதும் வெளியேறிவிடுகிறான். ஆங்கிலத்தில் செய்தவனை மறைக்கப் பெரும்பாலும் செயப்பாட்டுவினையை நாடுவார்கள். அதுகூட 'யாரால்' என்ற காலி இடத்தை விட்டுச்செல்லும். தமிழில் 'லீக் நின்றது' என்றால் அந்தக் காலி இடமும் இல்லை. மழை நின்றது என்பது போல, மின்விசிறி நின்றது என்பது போல, லீக்கும் நின்றுவிடுகிறது. கன்னடத்திலும் இதே இணை உண்டு: நில்லு, நில்லிசு. பெங்களூருவின் இரு மொழி ரசிகர்களும் ஏழு மாதம் முதல் வினையிலேயே வாழ்ந்தார்கள். லீக் முடங்கியது, சம்பளம் நின்றது, பருவம் தள்ளிப்போனது, பேச்சு முறிந்தது. இரண்டாம் வினையைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். கழகத்தின் ஆகஸ்ட் 4 அறிக்கையில் எழுவாய் இருந்ததே, கழகம் முடிவெடுத்தது என்று வெளிப்படையாகத்தானே சொன்னது? உண்மை. அந்த நேர்மைக்குரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது எந்த மாதிரியான எழுவாய்? கடினமான முடிவை எடுக்க நேர்ந்த கழகம், நிச்சயமின்மையில் சிக்கிய கழகம், விடிவுக்குக் காத்திருக்கும் கழகம். முடிவின் கடினம் எடுத்தவருக்கு உரியதாக வாக்கியத்தில் அமைந்துவிட்டது. மாத வாடகை கட்ட வேண்டிய பிசியோதெரபிஸ்ட்டும், சீருடை துவைத்து அடுக்கும் கிட் பணியாளரும் அந்த வாக்கியத்தில் 'பணியாளர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டார்கள். இலக்கணத்தில் கழகம் செய்பவராக நிற்கிறது, பொருளில் துன்புறுபவராக நிற்கிறது. ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதம் வராதபோது 'தொழில்நுட்பக் காரணங்களால் தாமதமாகியுள்ளது' என்ற மின்னஞ்சலைப் படித்தவர்களுக்கு இந்த நடை புதிதன்று. அங்கும் தாமதம் தானாகவே ஆகிக்கொள்கிறது.

இந்த நிகழ்வுக்குத் தமிழில் ஒரு பெயர் முன்பே இருக்கிறது: கதவடைப்பு. கோயம்புத்தூர் ஆலைகளின் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாவது, முதலாளி வேலையிடத்தை மூடினால் இரண்டாவது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும் கதவடைப்பை ஆலைவாயில் பூட்டு என்று மட்டும் வரையறுக்கவில்லை. வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுவது, வேலையை இடைநிறுத்துவது, பணியில் தொடர மறுப்பது ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நகைமுரண் என்னவென்றால், கால்பந்து வீரர்கள் இப்படி வெளியே நின்றுகொண்டிருந்த 2025 நவம்பர் 21 அன்றுதான் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதிலும் அதே வரையறை தொடர்கிறது. 'தொழிலாளி' என்பதன் வரையறையில் உழைக்கும் பத்திரிகையாளரையும் விற்பனை ஊக்குநரையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர்கள் விளையாட்டு வீரரைச் சேர்க்கவில்லை. ஆகவே வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, இது சட்டப்படி கதவடைப்பு ஆகாது என்று வாதிடலாம். வாதிடட்டும். ரசிகரின் அகராதிக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டியதில்லை.

அதிலும் பெங்களூரு ரசிகருக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்க நியாயமே இல்லை. இந்த நகரத்தின் கால்பந்து தொழிற்சாலைகளுக்குள் வளர்ந்தது. ஐடிஐ, எச்ஏஎல், பெமல் போன்ற பொதுத்துறை ஆலைகள் அணிகளை நடத்தின. வீரர்கள் அங்கே ஊழியர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர், மாதச் சம்பளம், வைப்புநிதி, ஓய்வுக்குப் பின் ஒரு வாழ்க்கை. லீக் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாத முடிவில் சம்பள உறை வந்தது. எச்ஏஎல் அணி 2012 வரை ஐ-லீக்கிலேயே ஆடியது. அந்த முறையைப் பொற்காலமாக்கத் தேவையில்லை. அதன் அரங்குகள் காலியாகக் கிடந்ததுண்டு, ஆட்டத்தின் தரமும் ஏறி இறங்கியது. ஆனால் அதே ஆலைகளின் தொழிலாளர்கள் 1980 டிசம்பர் முதல் 1981 மார்ச் வரை 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெல், எச்எம்டி உள்ளிட்ட நிறுவனங்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊதியச் சமநிலை கேட்டு வெளியே வந்தார்கள். தோற்றார்கள். தோற்ற போராட்டமாயினும், யார் எதை நிறுத்தினார் என்ற ஐயம் அன்று நகரத்தில் யாருக்கும் இருக்கவில்லை. பந்தை உதைத்தவனும் கடைசல் பொறியை இயக்கியவனும் ஒரே வாயிலில் நுழைந்த ஊர் இது. கால்பந்து வீரரைத் தொழிலாளி என்று அழைக்க இன்று இந்த ஊரே தயங்குகிறது.

தயக்கத்துக்குக் காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "கோடிகள் வாங்குபவர்கள் என்ன தொழிலாளி?" ஏழு மாதக் கசப்பில் பெரும்பகுதி இந்தத் திசையில்தான் வடிந்தது. வீரர்களுக்குத் தகுதிக்கு மீறிய ஊதியம் கொடுத்ததால்தான் கழகங்கள் நட்டப்பட்டன, தேசிய அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, இவர்களுக்கு எதற்கு இரக்கம் என்றார்கள். தேசிய அணியின் தோல்வி பற்றிய கோபம் நியாயமானது. ஆனால் அது இந்தத் தகராறைச் சேர்ந்ததன்று. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதிகமென்றால், எழுதிக் கையெழுத்திட்டவர் யார் என்பதே கேள்வி. ஓர் அணியில் நட்சத்திரங்கள் சிலர். மற்றவர்கள் மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து பத்தாண்டுக்குள் சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்தாக வேண்டியவர்கள். முழங்கால் தசைநார் ஒருமுறை அறுந்தால் அந்தப் பத்தாண்டு ஐந்தாகும். அதில் ஒரு பருவத்தின் பாதியை எடுத்துக்கொண்டபின் அதைத் திருப்பித் தர எந்தக் குறும்பருவத்தாலும் முடியாது.

கோபம் ஏன் தவறான முகவரிக்குச் சென்றது என்பதை அறிய, அது சரியான முகவரிக்குச் சென்ற ஒரு நிகழ்வோடு ஒப்பிட வேண்டும். பதினாறு ஆண்டுகளுக்கு முன், 2010 ஜனவரியில், இந்திய ஆடவர் ஹாக்கி அணி புனேயின் பாலேவாடி முகாமில் இருந்தது. டெல்லியில் உலகக் கோப்பை பிப்ரவரி 28 அன்று தொடங்க இருந்தது. தங்களுக்கு வர வேண்டிய தொகை வரவில்லை என்று கூறி வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்தார்கள். ஹாக்கி இந்தியா அமைப்பு ஆளுக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. வீரர்கள் அதை ஏற்கவில்லை. கெடு விதித்தார்கள், நாட்டின் மானத்தை நினைவூட்டினார்கள், மாற்று அணி பற்றிப் பேச்சு எழுந்தது. தலைவர் ராஜ்பால் சிங்கும் அணியினரும் அசையவில்லை. சொந்த மண்ணில் உலகக் கோப்பை பறிபோகுமோ என்று அஞ்சிய ரசிகர்கள் வீரர்கள் மீது பாய்ந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. முன்னாள் வீரர்களும் பொதுமக்களும் அணியின் பக்கம் நின்றார்கள். மத்தியப் பிரதேச அரசு உட்பட வெளியிலிருந்து பணம் தர முன்வந்தவர்கள் இருந்தார்கள். புரவலரான சஹாரா நிறுவனம் 1 கோடி ரூபாய் தர இசைந்ததும் ஜனவரி 13 அன்று வீரர்கள் களத்துக்குத் திரும்பினார்கள். அந்த உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்தில் பாகிஸ்தானை 4-1 என்று வென்று, இறுதியில் எட்டாம் இடம் பெற்றார்கள்.

சில நாட்களில் முடிந்த புனேயையும் ஏழு மாதம் நீண்ட கால்பந்தையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமாகாது. புனே வீரர்களின் கையில் ஆறு வாரத்தில் வரவிருந்த உலகக் கோப்பை என்ற பிடி இருந்தது. கால்பந்து வீரர்களிடம் மறுப்பதற்கே வேலை இல்லை. மேடையையே எடுத்துக்கொண்டபின் ஏற மறுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. புனேயில் வாக்கியங்களுக்கு எழுவாய் இருந்தது. 'நாங்கள் இறங்க மாட்டோம்' என்று வீரர்கள் சொன்னார்கள். '25,000 தருகிறோம்' என்று அமைப்பு சொன்னது. தொகையையும் தருபவரையும் மறுப்பவரையும் ரசிகர் ஒரே பார்வையில் கண்டார். கண்டதும் அவருக்குக் கணக்குப் புரிந்தது. உழைப்பவர் நிறுத்தும்போது அவர் பெயர் செய்தியின் முதல் சொல்லாகிறது. உடையவர் நிறுத்தும்போது 'நிச்சயமின்மை' முதல் சொல்லாகிறது. ரசிகரின் கோபத்துக்கு இலக்கணம்தான் முகவரி எழுதித் தருகிறது. முகவரி இல்லாக் கோபம் அருகில் கிடைப்பவர் மீது விழும். அருகில் இருப்பவர் வீரர். அவர் பெயர்தான் சட்டையின் முதுகில் அச்சாகியிருக்கிறது.

புனே அணியில் ஆடிய குடகு நாட்டு அர்ஜுன் ஹாலப்பா இரண்டாண்டு கழித்துப் பெங்களூருவின் கர்நாடக லயன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். 2012 பிப்ரவரி 29 அன்று தொடங்கிய உலகத் தொடர் ஹாக்கி அது. எட்டு அணிகள், பெரும் விளம்பரம், ஹாக்கி இந்தியாவின் ஒப்புதல் இல்லை. ஊதிய பாக்கி பற்றிய புகார்கள் எழுந்தன. அறிவிக்கப்பட்ட இரண்டாம் பருவம் நடக்கவே இல்லை. அந்த லீக்கை யார் நிறுத்தினார் என்று கேட்டால் இன்றும் 'நின்றுபோனது' என்றுதான் பதில் வரும். பெங்களூருவின் ரசிகர் இதை ஒருமுறை பார்த்தவர்.

வட அமெரிக்காவில் இந்தக் கலை முழுமை பெற்றிருக்கிறது. தேசிய ஹாக்கி லீக்கின் உரிமையாளர்கள் 2004-05 பருவம் முழுவதையும் கதவடைப்பால் இழக்கச் செய்தார்கள். 1919இல் இன்ஃப்ளுயன்சாத் தொற்றால் கைவிடப்பட்டபின் முதன்முறையாக ஸ்டான்லி கோப்பை வழங்கப்படவில்லை. வீரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு என்ற உரிமையாளர்களின் கோரிக்கை வென்றது. அக்காலத்தில் ரசிகர்களிடையே புழங்கிய சொற்றொடர் 'கோடீஸ்வரர்களுக்கும் பெருங்கோடீஸ்வரர்களுக்கும் இடையிலான சண்டை' என்பது. கேட்க நடுநிலையாக இருக்கும். பூட்டியவரையும் பூட்டப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும் வேலையை அது செவ்வனே செய்தது. ஆட்டம் திரும்பியபோது அரங்குகளின் பனித்தரையில் ரசிகர்களுக்கு நன்றி என்று எழுதிவைத்தார்கள். ரசிகர்களும் திரும்பிவந்தார்கள். 2012இல் மீண்டும் கதவடைத்தார்கள், பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. முதல் முறை விலை எதுவும் கொடுக்க நேராததால் இரண்டாம் முறை தயக்கமின்றி நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆயினும் அங்கே வீரர்களுக்கு ஒரு சங்கமும், கையெழுத்தான கூட்டுப்பேர ஒப்பந்தமும், பேச்சு மேசையில் ஓர் இருக்கையும் இருந்தன. இந்தியாவில் கால்பந்து வீரர்கள் சங்கம் 2006 முதல் உண்டு. கூட்டுப்பேர ஒப்பந்தம் இல்லை. ஏழு மாதம் நடந்த பேச்சில் கூட்டமைப்பு, நிறுவனம், கழகங்கள், அமைச்சகம் என எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இல்லை.

கழகங்களும் பாதிக்கப்பட்டவைதாமே என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 2013இல் தொடங்கிய பெங்களூரு எஃப்சி முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. 2016இல் ஏஎஃப்சி கோப்பையின் இறுதி வரை சென்றது. இந்தக் கழகங்கள் ஆண்டுதோறும் நட்டத்தில் நடப்பவை. நட்டத்தில் நடத்துபவரைக் கொள்ளையர் என்று அழைப்பது பொய். ஆனால் முதலீடு என்பதன் பொருளே ஆபத்தை ஏற்பதுதான். ஒப்பந்தம் டிசம்பர் 8இல் முடியும் என்பது 15 ஆண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த தேதி. அந்தத் தேதியைத் தாண்டியும் வீரர்களோடு பலவாண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர்கள் கழகங்களே. ஆபத்து வந்ததும் அதை முதலில் மாதச் சம்பளக்காரரின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, தாமும் அவரும் ஒரே படகில் இருப்பதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? இளையோர் அணிகளும் கால்பந்துப் பள்ளிகளும் பாதிக்கப்படாது என்று அதே அறிக்கை உறுதியளித்தது. நல்லது. கட்டணம் செலுத்திப் பயிலும் சிறுவர்களின் வகுப்பு தொடரும், அவர்கள் யாரைப் போல் ஆக வேண்டும் என்று கனவு காண்கிறார்களோ அவருக்கு மட்டும் ஊதியம் இல்லை.

2018 ஜூன் மாதம் சுனில் சேத்ரி ஒரு காணொளி வெளியிட்டார். மும்பையில் சீன தைபேக்கு எதிராக இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க சுமார் 2,500 பேர்தான் வந்திருந்தார்கள். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் அரங்குக்கு வாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. ரசிகர் என்பவர் யார் என்பதை இந்தியக் கால்பந்தில் அதைவிடத் தெளிவாக எவரும் சொல்லியதில்லை. வேண்டியவர், வந்தால் மாற்றம் உண்டாக்குபவர். 2025 நவம்பரில் அதே சேத்ரியும் பிற வீரர்களும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கோபமும் விரக்தியும் கடந்து இப்போது எஞ்சியிருப்பது செய்வதறியா நிலை என்பது அதன் சாரம். ஆடத் தயாராக இருக்கிறோம், ஆட விடுங்கள் என்றார்கள். பின்னர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பிடமே முறையிட்டார்கள். பொதுவாகத் தொழிலாளி கூலி கேட்டுப் பேசுவான். கதவடைக்கப்பட்ட தொழிலாளி வேலை கேட்டுப் பேசுவான். அந்த அறிக்கையைப் பகிர்ந்த ரசிகர்களில் பெரும்பாலோர் உடைந்த இதயப் படத்தோடு பகிர்ந்தார்கள். யாரிடம் கேட்கிறார்கள், கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ரசிகரின் எடை என்ன என்பதை இதே நகரம் அதே ஆண்டு வேறொரு விதத்தில் அறிந்தது. 2025 ஜூன் 4 அன்று, ஐபிஎல் கோப்பையை முதன்முறையாக வென்ற அணியின் கொண்டாட்டத்தைக் காண வந்தவர்களில் 11 பேர் சின்னசாமி அரங்கின் வெளியே மாண்டார்கள். ஸ்ரீகண்டீரவா அரங்கிலிருந்து அது நடந்து செல்லும் தொலைவு. கூட்டம் திரண்டது, நெரிசல் ஏற்பட்டது, உயிரிழந்தார்கள். மூன்று வினையிலும் செய்தவர் இல்லை. அழைத்தது யார், அனுமதித்தது யார், கதவைத் திறக்காமல் வைத்தது யார் என்ற கேள்விகள் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்கும் நிலைக்கு வந்த பிறகே முழு உருவம் பெற்றன. மாண்ட உயிர்களையும் நின்ற சம்பளத்தையும் யாரும் ஒப்பிட மாட்டார்கள், ஒப்பிடவும் கூடாது. ஆயினும் நிரம்பிய கூட்டம் படத்துக்கு வேண்டும், கூட்டத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற மனநிலை இரண்டிலும் ஒன்றே.

அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேயின் சிலை இருக்கிறது. அம்பேத்கருக்கும் புத்தருக்கும் அருகே அவரை நிறுத்திய தமிழ்க் குடியிருப்பு அது. தலைமுறை தலைமுறையாகப் பந்தாடும் தெருக்கள். மைசூர் மாநில அணி சந்தோஷ் கோப்பையை 1946இலும் 1952இலும் வென்ற காலத்து நினைவுகள் அங்கே இன்னும் வீட்டுச் சொத்து. அப்படியொரு தெருவில் பதினாறு வயதுப் பிள்ளை கால்பந்தைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று இந்த ஆண்டு வீட்டில் கேட்டால், தாய் தந்தையர் என்ன சொல்வார்கள்? முன்பு அவர்கள் ஆலை அணியைச் சுட்டிக் காட்டினார்கள். பின் கழகத்தைச் சுட்டினார்கள். ரசிகர்களின் ஏமாற்றம் ஏழு மாதத்தில் ஆறிவிடும். இந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பதில் அவ்வளவு விரைவில் மாறாது.

பிப்ரவரியில் கண்டீரவாவின் விளக்குகள் மீண்டும் எரியும். அரங்கின் மேற்குப் பகுதியைத் தங்கள் பெயரிலேயே சுமக்கும் வெஸ்ட் பிளாக் புளூஸ் மேளத்தோடு வருவார்கள், வர வேண்டும். அரங்கைப் புறக்கணிக்கச் சொல்வது இந்தப் பதிவின் நோக்கமன்று. புறக்கணித்தால் முதலில் பாதிக்கப்படுபவர் மீண்டும் அதே கிட் பணியாளர்தான். ஆனால் நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கும் முன் ஒவ்வொரு கழகத்தையும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்கலாம். எந்தெந்த மாதங்களின் ஊதியத்தை நிறுத்தினீர்கள்? அதில் எவ்வளவைக் கொடுத்துவிட்டீர்கள், எஞ்சியதை எந்தத் தேதிக்குள் கொடுப்பீர்கள்? குறும்பருவத்தைக் காரணம் காட்டி யாருடைய ஒப்பந்தத்தையாவது குறைத்திருக்கிறீர்களா? வீரர்களின் பெயரோ தொகையோ வேண்டியதில்லை. மாதமும் தேதியும் போதும். பதிலைத் தன்மையில் எழுதச் சொல்ல வேண்டும்: 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.